தொடையும் தொடை சார்ந்த இடமும்

ஜூன் மாதம் குல்மார்க்கில் பச்சைப் புல்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். ஊர்ப் பெயருக்கே அர்த்தம் 'பூக்களின் புல்வெளி'. இருந்தாலும், பிப்ரவரியில் நான் விழுந்த இடத்தைச் சகதர்மிணிக்குக் காட்ட வேண்டும் என்று ஒரு ஆசை. காட்டினேன். அங்கே ஒரு மட்டக்குதிரை நிதானமாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"இந்த மேட்டிலயா விழுந்தீங்க? நம்ம மொட்டை மாடிப் படியே இதைவிடச் செங்குத்தா இருக்குமே!"

பனி மூடியிருந்தபோது அது எவரெஸ்ட் மாதிரி இருந்தது என்றால் நம்பவா போகிறாள்?

பிப்ரவரிக் கதை இதுதான். ஒரு வார ஸ்கீயிங் பயிற்சி. முதல் நாள், பூட்ஸை மாட்டவே அரை மணி நேரம். (அது பூட்ஸ் அல்ல, காலுக்குப் போடும் பீரோ.) அப்புறம் இரண்டு பலகைகளின் முன்நுனியைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, இங்கிலீஷ் 'ஏ' எழுத்து மாதிரி நிற்க வேண்டும். அதுதான் பிரேக். நாற்காலிக்கும் தரைக்கும் நடுவே பாதி உட்கார்ந்த நிலையில் உடம்பு. டிகிரி வாங்கிய நாள் முதல் முழுசாக உட்கார்ந்தே சம்பாதித்த எனக்கு, இந்தப் பாதி உட்காருதல் ஒத்துவரவில்லை. நாலாம் நாள் சாயங்காலம், தொடை இரண்டும் கடகடவென்று நடுங்கிக்கொண்டிருக்கும்போதே "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று இறங்கினேன். விழுந்தேன். பலகை கழன்றுகொண்டது. இல்லாவிட்டால் முழங்கால் கழன்றிருக்கும்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஜவ்வு கிழியலை, தப்பிச்சீங்க. தப்பு முழங்கால் மேல இல்லை ஸார். தொடை ஓபி அடிச்சிருக்கு. அதோட வேலையையும் முழங்கால் சேர்த்துப் பார்த்திருக்கு" என்றார். எந்த ஆபீஸிலும் நடப்பதுதான்!

அன்று ராத்திரி, அடுத்த ஜனவரியில் மறுபடி போகலாமா என்று மெதுவாக ஆரம்பித்தேன். சீட்டுப் பணம் அவள் கையில். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எங்கப்பா மாடிப்படியில பாதியில உட்கார்ந்து முழங்காலைப் பிடிச்சுக்கறதைப் பத்து வருஷம் பார்த்தேன். உங்களையும் அப்படிப் பார்க்கணுமா?" என்று மட்டும் கேட்டாள். இதற்கு என்ன பதில் சொல்வது? சொல்லுங்கள் பார்க்கலாம்.

அதனால்தான் இந்த ஜூன் விஜயம். குளிர்காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆசாமி கோடையில் மலையேற்ற வழிகாட்டி. உப்புப் போட்ட காஷ்மீர் டீயை நீட்டினார்.

"பனி இல்லாத மாசமெல்லாம் என்ன எக்ஸர்சைஸ் பண்ணுவீங்க?"

"நடப்பேன்."

"அவ்வளவுதானா?"

"வாங்க" என்றார்.

கோண்டோலாவில் கொங்டூரி வரை போய், அங்கிருந்து நடந்து இறங்கினோம். இறங்குவதுதானே, என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். விஷயமே அங்கேதான். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது உடம்பு எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். பனியில் ஒவ்வொரு திருப்பத்திலும் தொடைக்கு இதே வேலைதான். ஏற்றத்தின் களைப்பு ரொக்கம், அப்போதே மூச்சு வாங்கி முடிந்துவிடும். இறக்கம் கடன். பில் மறுநாளோ அதற்கு மறுநாளோ வரும். எனக்கு வட்டியோடு வந்தது. ஸ்ரீநகர் ஹோட்டலில் கட்டிலில் உட்கார, சுவரையும் மனைவியையும் பிடித்துக்கொண்டேன்.

இந்த ஊர்ப் பையன்தான் ஆரிஃப் கான். அப்பா இங்கே ஸ்கீ சாமான் கடை வைத்திருந்தவர். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஒரே வீரர். பல பேர் பாதியில் வெளியேறிய ஜெயன்ட் ஸ்லாலமில் முடித்து 45-ஆவது வந்தார். நாற்பத்தஞ்சாவதா என்று உதட்டைப் பிதுக்குபவர்களை அந்தப் பூட்ஸை மாட்டி ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குக் கவலையில்லை. ஆஸ்திரியாவில் ஹின்டர்டுக்ஸ் பனிப்பாளத்தில் வருஷம் பூரா சறுக்கலாம். நார்வேக்காரர்கள் பலகைக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டு தார் ரோட்டிலேயே பழகுகிறார்கள். நம்மிடம் இருப்பது படிக்கட்டு.

ஆகவே, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் லிஃப்டில் ஏறி, படியில் இறங்குகிறேன். மெதுவாக, ஒவ்வொரு படிக்கும் மூன்று எண்ணி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தசைக்கும் லீவு வேண்டும். "ஸார், லிஃப்ட் மேல மட்டும்தான் போகுதா?" என்கிறார் வாட்ச்மேன். பல் தேய்ப்பது ஒற்றைக் காலில். அப்புறம் தலையணையைக் குறுக்கே போட்டுப் பக்கவாட்டில் குதிக்க வேண்டும். (கீழ் வீட்டு மாமி ஒருமுறை மேலே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.) பின்தொடையையும் விடக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. முழங்கால் ஜவ்வுக்கு அதுதான் துணை.

கடைசியாக, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமல் உட்காருவது. சமையலறைச் சுவர்தான் வசதி. முதல் விசிலில் ஆரம்பம், இரண்டாவது விசிலில் எழுந்துவிடுவேன். நேற்று மூன்றாவது வரை தாக்குப்பிடித்தேன்.

சீட்டுப் பணம் பற்றி அவள் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மூன்றாவது விசில் அடித்ததும் அடுப்பை அணைக்கவில்லை. என் தொடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பருப்பு குழைந்துவிட்டது.