உள்ளூர் போலீஸ் விசா கேட்டால் குற்றம் குறையுமா?

திருட்டு, அடிதடி வழக்குகளைப் பார்க்கும் உள்ளூர் போலீஸே, ‘விசா இருக்கிறதா?’ என்றும் கேட்க வேண்டுமா? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக ஓயாத வாக்குவாதம் இது. டிரம்ப் இரண்டாவது முறை அதிபரான பிறகு சூடு கூடியிருக்கிறது. ஆவணமில்லாதவர்களை வெளியேற்றினால் குற்றம் குறையும், உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது ஆதரவாளர்களின் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

போலீஸுக்கு இந்த அதிகாரம் எப்படி வந்தது?

அமெரிக்காவில் குடியேற்றம் மத்திய அரசின் பொறுப்பு. போலீஸ், மாநகராட்சிகளிடமும் கவுன்டி எனப்படும் மாவட்டங்களிடமும் இருக்கிறது. இரண்டையும் இணைத்தது 1996-ல் குடியேற்றச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 287(ஜி) பிரிவு. மத்திய அரசுடன் ஒப்பந்தம் போட்டால், பயிற்சி பெற்ற உள்ளூர் போலீஸாரும் குடியேற்ற அதிகாரிகளின் வேலையைச் செய்யலாம். 2025 தொடக்கத்தில் 135 ஆக இருந்த இந்த ஒப்பந்தங்கள், அந்த ஆண்டுக்குள்ளேயே ஆயிரத்தைத் தாண்டின.

இன்னொரு வழி, 2008-ல் தொடங்கிய ‘செக்யூர் கம்யூனிட்டீஸ்’ திட்டம். உள்ளூரில் யார் கைதானாலும் அவருடைய கைரேகை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடும். ஆவணமில்லாதவர் எனத் தெரிந்தால், ‘விடாமல் வைத்திருங்கள்’ என்று சிறைக்குக் கோரிக்கை வரும்.

குற்றம் குறைந்ததா?

இந்தத் திட்டம் ஒரே நாளில் நாடு முழுக்க வரவில்லை. கவுன்டி கவுன்டியாக 2013 வரை விரிந்தது. அதனால், திட்டம் வந்த இடத்தையும் வராத இடத்தையும் ஒப்பிட முடிந்தது. சட்டப் பேராசிரியர்கள் தாமஸ் மைல்ஸ், ஆடம் காக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, குற்ற விகிதத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

ஏன்? ஒன்று, ஆவணமில்லாதவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்ற எண்ணமே தப்பு. டெக்சாஸ் மாநிலத்தின் கைதுப் பதிவுகளைப் பார்த்தால், கடுங்குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம் அமெரிக்காவில் பிறந்தவர்களைவிட அவர்களிடம் குறைவு.

இரண்டாவது காரணம் பயம். ‘போலீஸுக்குப் போனா நம்மளையே பிடிச்சிடுவாங்க’ என்று நினைக்கும் பெண், அடிக்கும் கணவன்மீது புகார் கொடுக்க மாட்டார். கொள்ளையைப் பார்த்தவர் சாட்சி சொல்ல வர மாட்டார். இந்தப் பயத்தைப் போக்கத்தான் 2000-த்திலேயே, போலீஸுக்கு உதவும் குற்றப் பாதிப்பாளர்களுக்கென ‘யு’ விசாவை அமெரிக்க நாடாளுமன்றம் உருவாக்கியது. ஒரு சட்டம் கூப்பிட, இன்னொரு சட்டம் விரட்டுகிறது.

அரிசோனாவின் மாரிகோபா கவுன்டி இன்னொரு பாடம். குடியேறியவர்களைத் தேடுவதில் பெயர் வாங்கிய ஷெரிஃப் ஜோ அர்பையோவின் அலுவலகம், 400-க்கும் மேற்பட்ட பாலியல் குற்றப் புகார்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்பது பிறகு வெளிவந்தது. லத்தீன் இனத்தவரைக் குறிவைத்துப் பிடித்ததாக 2013-ல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

வேலை கிடைத்ததா?

அமெரிக்கப் பண்ணைகளில் பயிர் வேலை செய்யும் கூலியாட்களில் சுமார் 40 சதவீதம் பேர் ஆவணமில்லாதவர்கள். 2011-ல் அலபாமா மாநிலம் கடுமையான சட்டம் கொண்டுவந்ததும், குடும்பம் குடும்பமாக ஊரைக் காலி செய்தார்கள். பறிக்க ஆளில்லாமல் தக்காளி வயலிலேயே அழுகியது. அந்த வேலைக்கு உள்ளூர்க்காரர்கள் வரிசைகட்டி வரவில்லை.

செக்யூர் கம்யூனிட்டீஸ் பற்றிய பொருளாதார ஆய்வும் இதையே சொல்கிறது. திட்டம் வந்த இடங்களில் அமெரிக்காவில் பிறந்தவர்களின் வேலைவாய்ப்பும் குறைந்தது. காரணம் எளிது. செங்கல் சுமக்க ஆளில்லை என்றால் கட்டடம் எழும்பாது. அப்புறம் மேஸ்திரிக்கும் வேலையில்லை, மேற்பார்வையாளருக்கும் வேலையில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், படித்த தாய்மார்களின் வேலையும் அடிபட்டது.

எங்கே கோடு போடுவது?

கொலை, பாலியல் வன்முறை போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவரை நாடு கடத்துவதை எதிர்ப்பவர்கள் குறைவு. லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டிய கூலித் தொழிலாளியையும் அதே வலையில் பிடிப்பதில்தான் சிக்கல். நாடு கடத்தல் எண்ணிக்கை ஏறும். ஊரின் பாதுகாப்பு ஏறாது.

உள்ளூர் போலீஸுக்கு ஆயுதத்தைவிடப் பெரிய பலம், ஊர் மக்கள் தயங்காமல் செய்யும் ஒரு போன் அழைப்பு. அந்த நம்பிக்கையைக் குடியேற்றத் துறைக்கு அடகு வைப்பது, ஆவணம் இருப்பவர்களுக்கும் நல்லதல்ல.