துணிவு மட்டும் போதுமா?



சாதனைப் பெண்மணிகளைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது, அவர்தம் துணிவையே நாம் பெரிதும் புகழ்கிறோம். துணிவு மட்டும் போதாது என்பதை ஐடா பி. வெல்ஸ் அம்மையாரின் வாழ்க்கை உணர்த்துகிறது.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், 1862-ஆம் ஆண்டு, அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். 1878-இல் மஞ்சள் காய்ச்சல் பெற்றோரைப் பறித்தது. உடன்பிறந்தோரைக் காக்கும் பொறுப்பு 16 வயதில் அவர்மேல் விழுந்தது. ஆசிரியப் பணியை ஏற்றார். பின்னர் மெம்பிஸ் நகரில் கற்பித்துக்கொண்டே இதழ்களிலும் எழுதினார். கறுப்பின மாணவர்கள் பயின்ற பள்ளிகளின் அவல நிலையைச் சுட்டிக்காட்டியதால், 1891-இல் வேலையை இழந்தார். நம்மில் எத்தனை பேர் அப்படி எழுதத் துணிவோம்?

1892 மார்ச்சில், அவருடைய நண்பர் தாமஸ் மோஸ் உட்பட மூன்று கறுப்பினத்தவரை வெள்ளையர் கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்றது. மோஸ் பங்குதாரராக இருந்த மளிகைக் கடை, வெள்ளையர் ஒருவரின் கடைக்குப் போட்டியாக விளங்கியது. ஆனால், பெண்களிடம் முறைகேடாக நடந்தவர்களையே கும்பல்கள் கொல்கின்றன என்பதுதான் அந்நாளில் பரவியிருந்த பேச்சு!

அம்மையார் அதனை வெறும் சினத்தால் மறுக்கவில்லை. கொலைகள் நிகழ்ந்த இடங்களுக்குச் சென்றார், மக்களிடம் வினவினார், வெள்ளையர் நாளேடுகளே வெளியிட்ட கணக்குகளைத் தொகுத்தார். பெரும்பாலான கொலைகளில் அத்தகைய குற்றச்சாட்டே எழவில்லை என்று மெய்ப்பித்தார். அதே ஆண்டு மே மாதம், அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில், அவருடைய இதழ் அலுவலகம் சூறையாடப்பட்டது. ஊர் திரும்பினால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையிலும் எழுத்தை நிறுத்தவில்லை. 1931-இல் மறைந்த அவருக்கு, 2020-இல்தான் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பட்டது.

இத்தகைய கொடுமைகளைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா எனப் பெற்றோர் தயங்கலாம். கொலையின் விவரங்கள் இளம் பிள்ளைகளுக்கு வேண்டியதில்லை. ஊரே நம்பிய ஒரு பொய்யை ஓர் ஆசிரியை எவ்வாறு சான்றுகளால் உடைத்தார் என்பதைத் தாராளமாகச் சொல்லலாம்.

கைப்பேசியில் வருவதையெல்லாம் நம்பிப் பிறருக்கும் அனுப்பும் காலம் இது. “யார் சொன்னது? எங்கே நடந்தது? சான்று என்ன?” என்று கேட்கும் மாணவனை அதிகப்பிரசங்கி என அடக்குகிறோமா, அருகில் அழைத்துத் தட்டிக்கொடுக்கிறோமா?

சிந்திப்போம்!