கேள்விக்குப் பின்னரே கல்வி

திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம். கேள்வி 42ஆம் அதிகாரம். குழந்தையின் வாழ்விலோ இவ்வரிசை தலைகீழானது. முதலில் செவி, பிறகு சொல், அதன் பின்னரே ஏடு.

இதனை நாம் தாமதமாகவே உணர்ந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் ஒருவர், சொல்வதெழுதுகையில் வேற்றுமை உருபுகளை விழுங்கிவிடுவார். கவனக்குறைவு என்றெண்ணிச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தோம். பின்னர்ச் செய்த பரிசோதனையில், இரு செவிகளிலும் நெடுநாளாகவே கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரியவந்தது. பெற்றோர் இருவரும் பட்டாசுத் தொழிலாளர்கள். பேச்சு வரத் தாமதித்தபோது, "இவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று வீட்டில் தேற்றிக்கொண்டார்களாம். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளி வாழ்வில் எவரும் ஐயுறவில்லை, நாமும் ஐயுறவில்லை.

பட்டாசாலையே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. நெருங்கிய உறவுத் திருமணம், குறைமாதப் பிறப்பு, சீழ் வடியும் காது எனக் காரணங்கள் பல. எதுவாயினும் காலமே மருந்து. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவர்கள் வகுத்த நெறி. உறங்கும் சிசுவின் காதில் மெல்லிய ஒலியைச் செலுத்தி, உட்செவி திருப்பித் தரும் ஒலியைப் பதிவு செய்யும் சோதனையில் வலியேதும் இல்லை. ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் தரும் இலவசக் கல்வி உரிமையும் ஆறு வயதில்தான் தொடங்குகின்றன. மொழியைப் பற்றிக்கொள்ளும் மூளை அதுவரை காத்திருப்பதில்லை.

திட்டம் இல்லாமலில்லை. 2013இல் நடுவணரசு தொடங்கிய ராஷ்டிரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம், செவிக்குறை, இதயக்கோளாறு, பிளவுபட்ட உதடு, கற்றல் குறைபாடு முதலான பல வகைக் குறைகளைத் தேடுகிறது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் மருத்துவக் குழு செல்ல வேண்டும்; கண்டறியப்பட்ட குழந்தைகளை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2022இல் விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

சிக்கல் அதற்கு அப்பால் இருக்கிறது. பேச்சுப் பயிற்சி ஒரே நாளில் முடிவதன்று. வாரந்தோறும், மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியது. வெம்பக்கோட்டைப் பக்கம் எண்ணிக்கைக் கூலிக்குத் திரி செருகும் தாய், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறி மாவட்டத் தலைநகருக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. இருமுறை போவார், மூன்றாம் முறை தயங்குவார். அதைப் பெற்றோரின் அறியாமை என்று நாம் எழுதிவைப்பது அறமாகாது.

இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் 2021இல் மருத்துவம் மக்களைத் தேடி வரத் தொடங்கியதே, பேச்சுப் பயிற்றுநரும் அவ்வாறே வரலாமே! சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை அங்கன்வாடிகளில் வாரம் ஒரு குறித்த நாள் அவர் வரட்டும். மையத்துக்கே போகவேண்டிய நாளில் பேருந்துக் கட்டணத்தோடு இழந்த கூலியும் தாய்க்குக் கிடைக்கட்டும்.

வெடியின் ஓசையை நான்கு மீட்டர் தொலைவில் வைத்து அளக்க 1999 முதல் விதி இருக்கிறது. அவ்வெடியைச் செய்யும் வீட்டில் பிறந்த குழந்தைக்கு அது கேட்கிறதா என்பதையும் அளந்துவிடுவோம், ஆறு வயதுக்கு முன்பே.