பழைய இன்ஜினுக்கு ஒரு குறிப்பேடு

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் தமிழ்நாட்டைத் தொடும் மலையோரங்களில் ஒரு ஜீப்பின் ஆயுள் அதன் முதல் இன்ஜினோடு முடிந்துவிடுவதில்லை. சேசிஸ் உறுதியாக இருக்கும்வரை, தேய்ந்த இன்ஜினை இறக்கிவிட்டு, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய இன்ஜினை ஏற்றி ஓட்டுவது அங்கே வழக்கம். சேற்றுப் பந்தயத்துக்கு ஆயத்தமாகும் வண்டிக்கும் இது பொருந்தும். தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை நாள்தோறும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கும் பொருந்தும். அந்த மாற்று இன்ஜின் எவ்வாறு சோதிக்கப்பட்டது, சோதனையின் முடிவு எங்கே பதிவாகியுள்ளது என்ற கேள்வி கல்விக்கூடத்திலும் போக்குவரத்து அலுவலகத்திலும் அரிதாகவே எழுகிறது. அது எழுப்பப்பட வேண்டிய கேள்வி.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் கோடை வெப்பம் 40 டிகிரியை எட்டக்கூடியது. அச்சமவெளியிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏறும் வண்டி, இன்ஜின் ஏற்கெனவே சூடாகியுள்ள நிலையில் ஏற்றத்தைத் தொடங்குகிறது. இடுக்கிப் பக்கத்தில் போடியிலிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், அங்குச் செல்லும் ஜீப் பாதை இடுக்கியின் சூரியநெல்லியிலிருந்தே தொடங்குகிறது. அத்தகைய பாதைகளில் வண்டி முதல் இரண்டு கியர்களிலேயே ஊர்கிறது. வேகம் இல்லாததால் ரேடியேட்டரில் மோதும் காற்றும் குறைவு. ஆனால் இன்ஜின் முழுச் சுமையில் இயங்குகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ இல்லாத இன்ஜின் அந்த அளவுக்குத் திறனையும் இழக்கிறது. சமவெளிப் பட்டறை ஒன்றில் ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கேட்ட சத்தம் இவை எதற்கும் சான்றாகாது.

இந்த வட்டாரத்தின் பழைய ஜீப்புகள் பெரும்பாலும் மஹிந்திராவின் வழிவந்தவை. எம்.எம். 540, கமாண்டர் போன்ற வண்டிகளில் இருந்த பெஜோ வடிவமைப்பிலான 2,112 சிசி டீசல் இன்ஜினும், பின்னர் வந்த 2,523 சிசி டிஐ இன்ஜினும் மலையோரப் பட்டறைகளுக்கு நன்கு பழகியவை. மாற்று இன்ஜின்கள் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளிலிருந்தும், விபத்திலும் வெள்ளத்திலும் சிக்கிய வண்டிகளிலிருந்தும் வருகின்றன. எனவே சோதனையின் முதற்படி இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே தொடங்குகிறது: அது எந்த வண்டியினுடையது? பிளாக்கில் பொறித்த எண் தேய்க்கப்பட்டோ மீண்டும் அடிக்கப்பட்டோ உள்ளதா? பதிவுச் சான்றின் நகல் கிடைக்குமா? மீரட்டின் சோத்திகஞ்ச் சந்தையில் திருட்டு வண்டிகளின் பாகங்கள் விற்கப்பட்டதும், 2021 இறுதியில் அக்கடைகள் மூடப்பட்டதும் இக்கேள்விகளின் எடையைக் காட்டும்.

அடுத்தது உடற்கூறு. கிராங்கைக் கையால் இரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கும் தடைபடக் கூடாது. ஆயிலை வெள்ளைத்துணியில் வடித்தால், பால்போல வெளுத்திருப்பது தண்ணீர் கலந்ததன் அடையாளம்; மின்னும் துகள்கள் பேரிங் தேய்ந்ததன் அடையாளம். ஆனால் மழையில் திறந்து கிடந்த இன்ஜினிலும் தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஆகவே ஒரு குறியை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுத முடியாது. கம்ப்ரஷன் சோதனையில் எண்ணின் அளவைப் போலவே, நான்கு சிலிண்டர்களுக்கும் இடையிலான ஒற்றுமையும் முக்கியம். ஒரு சிலிண்டர் குறைந்தால் அதில் சிறிது ஆயில் விட்டு மீண்டும் அளப்பது பட்டறை மரபு. அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ காரணம் என்பர். டீசல் இன்ஜினில் இம்மரபை எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். பெட்ரோல் இன்ஜினின் அமுக்க விகிதம் 10-ஐ ஒட்டியிருக்க, இவற்றில் அது ஏறத்தாழ 18 முதல் 23 வரை. எரியறை அத்தனை சிறியதாக இருப்பதால், கொஞ்சம் கூடுதலாக விட்ட ஆயிலே அழுத்தத்தைப் பொய்யாக உயர்த்திவிடும். சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தி, அது எவ்வழியே கசிகிறது என்று கேட்பதே தெளிவான முறை. ஆயில் மூடி வழியே சீறினால் ரிங். சைலன்சர் வழியே சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட்.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நினைவிற்கொண்டால் இன்னொரு கேள்வியும் எழும். ஓடும் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால், நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடுடன் இன்ஜின் பல மாதங்கள் ஓடவும் கூடும். அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் பிஸ்டன் மேல்முனையில் சற்றுத் தாழ்ந்து நிற்கும். கம்ப்ரஷன் சற்றுக் குறையும். ஹெட்டைக் கழற்றி நான்கு பிஸ்டன்களின் உயரத்தையும் டயல் கேஜால் ஒப்பிடுபவரே அதைக் கண்டுபிடிப்பார். கண்டுபிடிக்காவிட்டால், ராடு முறியும் இடம் பெரும்பாலும் முழுச் சுமையில் ஏறும் ஏற்றமாகவே இருக்கும்.

ஆயத்தம் செய்வதிலும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. செயல்திறன் என்றால் பம்பைத் திருகி டீசலைக் கூட்டுவது என்று பலர் கருதுகின்றனர். மெல்லிய காற்றில் கூடுதல் டீசல் முழுமையாக எரிவதில்லை, கரும்புகையாகிறது, எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறிப் பிஸ்டனைத் தாக்குகிறது. உண்மையான ஆயத்தம் கண்ணுக்குத் தெரியாத செலவுகளில் உள்ளது: ஹெட்டின் சமதளத்தை அளந்து தேவையெனில் லேத் பட்டறையில் சீவுதல், லைனரின் நீள்வட்டத் தேய்மானத்தை அளத்தல், கிராங்கை மைக்ரோமீட்டரால் அளந்து அதற்கேற்ற பேரிங் இடுதல், நாசில்களையும் பம்பையும் சோதனை மேடையில் ஏற்றுதல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ஆயில் சீல் அனைத்தையும் புதிதாக மாற்றுதல், ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் அழுத்தத்தை எழுப்புதல். திறன் கூடிய இன்ஜினுக்கு ஈடாகக் கிளட்சும் பிரேக்கும் உயர்ந்தாக வேண்டும். இறக்கத்தில் வண்டியை நிறுத்துவது இன்ஜினின் வேகம் அன்று.

சட்டம் இவ்விடத்தில் பாதி வேலையையே செய்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. கேரள உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற வழக்கொன்றில், உற்பத்தியாளர் முதலில் குறித்த விவரங்களோடு முரண்படும் வகையில் வண்டியை மாற்றியமைக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. இது தேவையான காப்பு. ஆனால் இன்ஜினின் எண்ணும் வகையும் ஏட்டில் சரியாக இருப்பது, அதன் உட்பகுதி சரியாக இருக்கிறது என்பதற்கு உறுதியாகாது. தகுதிச் சான்றுக்கான ஆய்வில் புகையும் பிரேக்கும் விளக்கும் பார்க்கப்படுகின்றன. வளைந்த ராடை எந்தப் புகைச்சோதனையும் காட்டாது.

மைக்கேல் போலன்யி 1966இல் எழுதிய நூலில், சொல்லில் அடங்காத அறிவு பற்றிப் பேசினார். மெக்கானிக்கின் காதும் விரலும் அறிந்தவை அவ்வகையின என்று சொல்லி ஆய்வாளர்கள் ஒதுங்கிவிடுவது எளிது. மேலே விவரித்தவற்றில் பெரும்பகுதி அளக்கக்கூடியது, எழுதக்கூடியது. அளந்த எண்கள் எழுதப்படாமல் போவதே சிக்கல். இன்ஜினோடு கைமாறும் இரண்டு பக்கக் குறிப்பேடு ஒன்று போதும்: மூல வண்டி, எண், நான்கு சிலிண்டர்களின் அழுத்தம், பிஸ்டன் உயரம், கிராங்க் அளவு, மாற்றிய பாகங்கள், சோதித்த நாள்.

இது சிறு பட்டறைகள்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றும் என்ற மறுப்பு நியாயமானதே. டயல் கேஜும் காற்றுக்கசிவுச் சோதனைக் கருவியும் எல்லாப் பட்டறைகளிலும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் பைனாவில் இடுக்கி அரசுப் பொறியியல் கல்லூரியும், போடியில் தமிழக அரசுப் பொறியியல் கல்லூரியும், பாலக்காட்டில் 2015இல் தொடங்கிய ஐஐடியும் இருக்கின்றன. இரு மாநிலங்களின் ஐடிஐக்களிலும் டீசல் மெக்கானிக் பிரிவு உண்டு. வாரத்தில் ஒரு நாள் தங்கள் அளவுக்கருவிகளைப் பட்டறைகளுக்குத் திறந்துவிட்டால், மாணவருக்கு உண்மையான தேய்மானம் பாடமாகும். மெக்கானிக்குக் கையெழுத்திட்ட எண்கள் கிடைக்கும். குறிப்பேட்டை முதலில் தொழிலாளர்களை ஏற்றும் ஜீப்புகளுக்குத் தொடங்கலாம். பந்தய வண்டியின் உரிமையாளர் தம் இன்ஜினின் ஆபத்தைத் தாமே தேர்ந்துகொள்கிறார். விடியற்காலையில் போடிமெட்டு ஏறும் தொழிலாளிக்கு அந்தத் தேர்வு இல்லை.