விமானி கையில் துப்பாக்கி: பாதுகாப்பா, ஆபத்தா?

2008 மார்ச் 22. அமெரிக்காவின் டென்வரிலிருந்து சார்லட் நகருக்குப் போய்க்கொண்டிருந்தது யுஎஸ் ஏர்வேஸ் 1536. ஏர்பஸ் ஏ319 விமானம். 124 பயணிகள், 5 ஊழியர்கள். தரையிறங்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் காக்பிட்டுக்குள் திடீரென்று துப்பாக்கி வெடிக்கும் சத்தம்!

கடத்தல்காரன் யாரும் உள்ளே நுழையவில்லை. கதவு பூட்டியபடியே இருந்தது. சுட்டது விமானியின் துப்பாக்கி. அவரும் வேண்டுமென்று சுடவில்லை. தரையிறங்குவதற்கு முன் துப்பாக்கியைப் பத்திரமாக எடுத்து வைக்கப் போனார், அது வெடித்துவிட்டது. குண்டு காக்பிட்டின் இடது பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போனது. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. விமானமும் பத்திரமாகத் தரையிறங்கியது.

பயணிகளைக் காப்பாற்றுவதற்காகக் கொடுத்த துப்பாக்கி, பயணிகளையே ஆபத்தில் நிறுத்திய கதை இது. பயணிகள் விமானத்தை ஓட்டுபவரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கத்தான் வேண்டுமா?

எப்படி வந்தது இந்தச் சட்டம்?

2001 செப்டம்பர் 11 அன்று 19 பேர் நான்கு விமானங்களைக் கடத்தினார்கள். அவர்களிடம் இருந்தவை சின்னச் சின்னக் கத்திகள். இறந்தவர்கள் கிட்டத்தட்ட 3000 பேர். அந்த அதிர்ச்சியில் எழுந்த கேள்வி நியாயமானது: "விமானியிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?"

அப்போதைய புஷ் அரசு முதலில் இதை ஏற்கவில்லை. 2002 மே மாதத்தில் வேண்டாம் என்றே சொன்னது. ஆனால் விமானிகளின் சங்கங்கள் விடவில்லை. ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 310க்கு 113, செப்டம்பரில் செனட்டில் 87க்கு 6 என்ற வாக்குகளில் துப்பாக்கித் தரப்பு ஜெயித்தது. அந்த ஆண்டு நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் ஒரு பகுதியாக அது சட்டமானது. 2003 ஏப்ரலில் முதல் அணி விமானிகள் ஜார்ஜியா மாநிலத்தில் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. விருப்பப்படும் விமானிகள் விண்ணப்பிக்கலாம். பின்னணி விசாரணை உண்டு, மனநலப் பரிசோதனை உண்டு, சுமார் ஒரு வாரப் பயிற்சி உண்டு. தேறியவருக்கு அரசாங்கமே துப்பாக்கி கொடுக்கும். அவருடைய அதிகாரம் காக்பிட்டுக்குள் மட்டும்தான். பயணிகள் பகுதியில் சண்டை நடந்தால் துப்பாக்கியோடு ஓடிவர அவருக்கு அனுமதி இல்லை.

ஆதரிப்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கடத்தப்பட்ட விமானம் ஒரு நகரத்தை நோக்கிப் போனால், அதைச் சுட்டு வீழ்த்தச் சொல்லிப் போர் விமானத்துக்கு உத்தரவு போகலாம். "பயணிகளோடு சேர்த்து எங்களையும் சுட்டுத்தள்ள ஒரு அரசாங்கம் தயாராக இருக்கிறது, ஆனால் எங்கள் கையில் ஒரு கைத்துப்பாக்கி கொடுக்கத் தயங்குகிறதா?" என்று கேட்டார்கள் விமானிகள். பதில் சொல்லக் கஷ்டமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது.

சினிமா பயமும் நிஜ பயமும்

முதலில் ஒரு தவறான பயத்தை ஒதுக்கிவிட வேண்டும். விமானத்தில் குண்டு துளைத்தால் காற்று எல்லாவற்றையும் வெளியே உறிஞ்சிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 1964ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்ட்ஃபிங்கரில் வில்லன் ஜன்னல் வழியாக அப்படித்தான் போவான். நிஜத்தில் ஒரு குண்டின் துளை மிகச் சின்னது. விமானத்துக்குள் எப்போதும் காற்று செலுத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது, மிச்சம் ஒரு வால்வு வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒரு சின்ன ஓட்டையில் போகும் காற்றை அந்த ஏற்பாடே சமாளித்துவிடும். 1988ல் அலோஹா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் மேற்கூரையில் சுமார் 5 மீட்டர் நீளத்துக்குப் பிய்ந்துபோனது. ஒரு விமானப் பணிப்பெண் உயிரிழந்தார். ஆனாலும் விமானம் தரையிறங்கியது.

ஆக, ஓட்டை அல்ல பிரச்சினை. காக்பிட் என்பது ஒரு காருக்குள் உட்காருவது போன்ற நெருக்கமான இடம். கை நீட்டும் தூரத்தில் இன்னொரு விமானி. சுற்றிலும் கருவிகள், ஸ்விட்சுகள், அவற்றுக்குப் பின்னால் கட்டுக்கட்டாக வயர்கள். 2008ல் குண்டு இடது பக்கச் சுவருக்குப் போனது. அது விமானியின் தொடையிலோ, பக்கத்தில் இருந்தவரின் மேலோ பாய்ந்திருந்தால்? அதுவும் தரையிறங்கும் நேரத்தில்? அன்று 129 பேரைக் காப்பாற்றியது குண்டு போன திசை மட்டும்தான்.

உறையில் போட்ட பூட்டு

அந்தத் துப்பாக்கி ஏன் வெடித்தது? துப்பாக்கிப் பாதுகாப்பில் உலகம் முழுக்கச் சொல்லித்தரும் பாலபாடம் சில உண்டு. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரப்பியதாகவே நினை. சுட விரும்பாத எதன் பக்கமும் அதன் வாயைத் திருப்பாதே. சுடும் முடிவு எடுக்கும் வரை விசையைத் தொடாதே. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்.

இதில் இரண்டாவது விதியைக் காக்பிட்டில் கடைப்பிடிக்கவே முடியாது. அங்கே எந்தப் பக்கம் திருப்பினாலும் மனிதர், கருவி, அல்லது விமானத்தின் உடல். நான்காவது விதியும் அப்படித்தான். பின்னால் இருப்பது பயணிகள்!

மூன்றாவது விதியை மீறியது விமானியின் விரல் என்பதை விட, கொடுத்த கருவியின் அமைப்பு என்று சொல்லலாம். காக்பிட்டை விட்டு வெளியே போகும்போது துப்பாக்கியைப் பூட்ட வேண்டும் என்பது சட்டம். அதற்காகத் தோல் உறையில் ஒரு துளை போட்டு, அதன் வழியாக ஒரு சாதாரணப் பூட்டின் வளையத்தை நுழைத்துப் பூட்டச் சொன்னார்கள். அந்த வளையம் துப்பாக்கி விசையைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாகப் போகும். துப்பாக்கி உறைக்குள் முழுதாக இறங்காமல் கொஞ்சம் மேலே நின்றுவிட்டால் வளையம் விசைக்கு முன்னால் போய் உட்காரும். அது தெரியாமல் துப்பாக்கியை உள்ளே அழுத்தினால் வளையமே விசையை அமுக்கிவிடும். வீட்டில் ஒருவன் பத்திரம் என்று நினைத்துத் துப்பாக்கி விசைக்குப் பக்கத்தில் இரும்புக் கம்பியைச் செருகி வைத்தால் அவனைப் பைத்தியம் என்பார்கள். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் விதிமுறை!

"சரி, உறையை மாற்றிவிட்டால் போச்சு" என்று சொல்லலாம். மாற்றத்தான் வேண்டும். ஆனால் உறை ஒரு உதாரணம் மட்டுமே. துப்பாக்கியோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். தற்செயலாகக் குண்டு வெடிப்பது பெரும்பாலும் சண்டையில் அல்ல. எடுக்கும்போது, வைக்கும்போது, துடைக்கும்போது, பூட்டும்போதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானி மாதம் 15 நாள் வேலை செய்கிறார், நாளைக்கு நான்கு முறை பறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் துப்பாக்கியைத் திறப்பது ஒரு தடவை, பூட்டுவது ஒரு தடவை. மாதத்துக்கு 120, வருடத்துக்கு 1440. நடுவில் கழிவறைக்குப் போய்வந்தால் இன்னும் அதிகம். இப்படி ஆயிரம் பேர் இருந்தால் வருடத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம் தடவை. லட்சத்தில் ஒரு தடவை கை தவறினால்கூட வருடத்துக்குப் பதினான்கு! இது வெறும் உத்தேசக் கணக்குதான். நிஜத்தில் அத்தனை விபத்து நடக்கவில்லை என்பது அந்த விமானிகளின் கவனத்துக்குச் சான்று. ஆனால் மனிதக் கவனத்துக்கு ஒரு எல்லை உண்டு. துப்பாக்கியையே தொழிலாகக் கொண்ட ஏர் மார்ஷல் ஒருவர் 2017ல் குண்டு நிரப்பிய தன் துப்பாக்கியை விமானக் கழிவறையில் மறந்துவிட்டு வந்தார். அவருக்கே இந்தக் கதி என்றால், விமானம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

உள்ளே இருப்பவரின் ஆபத்து

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சீருடையில் இருப்பவர் எல்லோரும் எப்போதும் நல்ல மனநிலையில் இருப்பார்கள் என்ற நம்பிக்கை பல முறை பொய்த்திருக்கிறது. 1987ல் வேலையை இழந்த ஒரு விமான நிறுவன ஊழியர் தன் அடையாள அட்டையைக் காட்டிச் சோதனையைத் தாண்டித் துப்பாக்கியோடு பிஎஸ்ஏ 1771 விமானத்தில் ஏறினார். விமானத்தில் இருந்த 43 பேரும் இறந்தார்கள். 1994ல் ஃபெடெக்ஸ் சரக்கு விமானத்தில் அதே நிறுவனத்தின் ஊழியரே சுத்தியலால் விமானிகளைத் தாக்கினார். மூவரும் பலத்த காயத்தோடு போராடி விமானத்தை இறக்கினார்கள். அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்?

2015ல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தின் துணை விமானி, கேப்டனை வெளியே வைத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு மலையில் மோதினார். 150 பேர் பலி. 2023 அக்டோபரில் வேலையில் இல்லாத ஒரு விமானி, காக்பிட்டில் கூடுதல் இருக்கையில் பயணம் செய்தபோது இன்ஜின்களை அணைக்க முயன்றார். மற்ற இரண்டு விமானிகள் தடுத்துவிட்டார்கள். விமானிகளைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஒழுங்காகத்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் நூறு உயிரைக் கையில் வைத்திருப்பவர்களும் மனிதர்கள்தான். அந்தச் சின்ன அறைக்குள் ஒரு கெட்ட நாளில் என்ன பொருள் இருக்கக்கூடாது என்று யோசித்தால் துப்பாக்கிதான் முதலில் நினைவுக்கு வரும்.

அப்படியென்றால் என்ன வழி?

வழி ஏற்கனவே இருக்கிறது. அது கதவு. 2003 ஏப்ரலுக்குள் அமெரிக்கப் பயணிகள் விமானங்களில் குண்டு துளைக்காத உறுதியான கதவு கட்டாயமாக்கப்பட்டது. இரண்டாவது மாற்றம் பயணிகளின் மனதில். முன்பெல்லாம் "கடத்தல்காரன் சொல்வதைக் கேள், உயிர் பிழைப்பாய்" என்பதுதான் பாடம். யுனைடெட் 93ல் பயணிகள் திருப்பி எழுந்த அன்றே அது மாறிவிட்டது. 2001 டிசம்பரில் காலணியில் வெடிமருந்து வைத்திருந்தவனையும், 2009 கிறிஸ்துமஸ் அன்று டெட்ராய்ட் போன விமானத்தில் உள்ளாடையில் வைத்திருந்தவனையும் அமுக்கிப் பிடித்தது பயணிகளும் ஊழியர்களும்தான். அங்கே எந்தத் துப்பாக்கியும் தேவைப்படவில்லை.

கதவுக்கும் ஒரு பலவீனம் உண்டு. விமானி கழிவறைக்குப் போகும்போது அது திறக்கும். அதற்கும் தீர்வு இரண்டாவது தடுப்புதான். புதிதாகத் தயாரிக்கும் பயணிகள் விமானங்களில் அப்படி ஒரு தடுப்பு வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை 2023ல் விதி கொண்டுவந்தது. இருபது வருடம் தாமதம் என்றாலும் சரியான திசை. பழைய விமானங்களிலும் அதைப் பொருத்தலாம். காக்பிட்டில் எப்போதும் இரண்டு பேர் இருப்பதை உறுதிப்படுத்தலாம். மன அழுத்தத்தை வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்ற விமானிகளின் பயத்தைப் போக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் "ஒருவேளை உள்ளே வந்துவிட்டால்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த ஒருவேளைக்கு எதிரே தினமும் நடக்கும் ஆயிரக்கணக்கான திறத்தலையும் பூட்டலையும் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு தடுப்புக் கதவு கை தவறி வெடிக்காது. கழிவறையில் அதை மறந்து வைத்துவிட்டு வர முடியாது. கோபத்தில் யாரும் அதை இன்னொருவர் மேல் நீட்டவும் முடியாது.

சட்டத்தை உடனே எடுக்க முடியாவிட்டால், குறைந்தபட்சம் துப்பாக்கியை விமானியோடு ஊர் ஊராகச் சுற்றவிடாமல், விமானத்திலேயே பொருத்திய பெட்டியில் வைக்கட்டும். கையில் எடுக்கும் தடவை குறைந்தால் விபத்தும் குறையும். ஆனால் சரியான முடிவு அதையும் தாண்டியது. விமானியின் இரண்டு கைகளும் விமானத்தை ஓட்டத் தேவை. கதவைக் காக்கும் வேலையைக் கதவே பார்த்துக்கொள்ளட்டும்.