இருட்டு இருந்தால் தூக்கம் வருமா?

பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். மே மாத லீவில் பிள்ளைகளோடு ஏற்காட்டில் டெண்ட் போட்டுத் தங்கப் போகிறார்களாம். "உள்ள வெளிச்சமே வராத டெண்ட் இருக்குப்பா. படுக்க ரெண்டு தனி ரூம். வெயில் சூடும் தாக்காதாம். வாங்கலாமா?" என்றான்.

டெண்ட் பற்றி எனக்கென்ன தெரியும்? ஆனால் பகல் தூக்கம் பற்றி நெய்வேலிக்காரனைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது! 1962-ல் முதல் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியதிலிருந்து, இந்த ஊரில் யாராவது பகலில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தெருவில் கிரிக்கெட் ஆடும் பையன்களை "மாமா நைட் ஷிஃப்ட்டுடா" என்று விரட்டாத வீடு உண்டா?

நானும் ஆரம்பத்தில் குவார்ட்டர்ஸ் ஜன்னலுக்கெல்லாம் அட்டை அடித்து அறையைக் கும்மிருட்டாக்கினேன். பத்து மணிக்கெல்லாம் தளம் கொதிக்கும். பாய் நனைய வியர்த்து எழுந்து உட்காருவேன். ஒரு நாள் இரவு வேலையில், கன்வேயர் பெல்ட் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. கூட இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் இன்று இதை எழுதுகிறேன். மறுநாளே என் மனைவி எதிரெதிர் ஜன்னல் இரண்டின் அட்டையையும் பிய்த்துவிட்டு ஈரத்துணி தொங்கவிட்டாள். கொஞ்சம் வெளிச்சம் வந்தது. தூக்கமும் வந்தது.

இருட்டு டெண்ட் லண்டன்காரனுக்குச் சரி. ஜூனில் அங்கே விடியற்காலை ஐந்துக்கு முன்பே சூரியன் வந்துவிடும், இரவு ஒன்பது தாண்டியும் போகாது. நமக்கு வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தானே விடிகிறது? சூடு தாக்காது என்பதும் பாதிதான் உண்மை. வெளித்துணி வெள்ளையாக இருந்தால் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும், அவ்வளவுதான். காற்றுப் போக வழி இல்லையென்றால் நாலு பேர் விடும் மூச்சு, மலைக் குளிரில் உள்துணியில் நீராகக் கோத்து விடியற்காலையில் முகத்தில் சொட்டும்.

அதனால், எதிரெதிரே வலை வைத்த வாசலும் மேலே காற்றுத் திறப்பும் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். இருட்டெல்லாம் அப்புறம். 'நாலு பேருக்கு' என்று போட்டிருந்தால் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம் என்று அர்த்தம், பை வைக்க இடமிருக்காது. ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கட்டும்.

நேற்று கடையிலிருந்தே பேசினான். "உள்ள படுத்துப் பாத்தேன்பா, ஜில்லுன்னு இருக்கு."

கடையில் ஏசி ஓடுகிறதா என்று கேட்டேன்.