கண்டி வரிசை: வீதியின் அகலமல்ல, வாசலின் அளவு

2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை கண்டி தலதா மாளிகையில் புனித தந்ததாது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 2009க்குப் பின் இதுவே முதல் தடவை. ஏற்பாடு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவின் வேண்டுகோளின் பேரில் நடந்தது. மே 6 உள்ளூராட்சித் தேர்தல் அருகில் இருந்ததையும் பலர் கவனித்தார்கள். சில நாட்களிலேயே, இனிமேல் கண்டிக்கு வரவேண்டாம் என்று பொலிஸார் கேட்கவேண்டி வந்தது. இரவு பகலாக வரிசையில் நின்றவர்களில் முதியவர்கள் சிலர் உயிரிழந்தனர்; பலர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கணக்கு எளிது. பெரும்பாலான நாட்களுக்கு அறிவிக்கப்பட்ட நேரம் நண்பகல் 12 முதல் மாலை 5 வரை. பத்து நாட்களையும் அப்படியே எடுத்தால் 50 மணித்தியாலம், அதாவது 180,000 வினாடி. வினாடிக்கு ஒருவர் வீதம் மூன்று வரிசைகள் ஓயாமல் நகர்ந்தாலும் மொத்தம் 540,000 பேர்தான். கைத்தடி ஊன்றிய பாட்டியும் குழந்தையைத் தூக்கிய தாயும் அந்த வேகத்தில் நடப்பார்களா? நாடு முழுவதையும் அழைத்தவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்ததாகத் தெரியவில்லை.

கண்டிக்கு எசல பெரஹரா பழக்கம் உண்டே என்பார்கள். அங்கே ஊர்வலம் நகர்கிறது, மக்கள் வீதியோரம் இருந்து பார்க்கிறார்கள். இங்கோ பொருள் ஓரிடத்தில். ஒவ்வொருவரும் அதைக் கடந்து போகவேண்டும். மலைகள் சூழ்ந்த நகரம், ஒருபுறம் வாவி, உள்ளே வரும் வீதிகள் சில. போதாததற்கு உடற்சோதனை. 1998 ஜனவரிக் குண்டுத் தாக்குதலுக்குப் பின் மாளிகையைச் சுற்றிப் பாதுகாப்பு இறுகியது.

ஓமந்தையிலும் முகமாலையிலும் பையோடு காத்துநின்ற எம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஏ9 வீதி எவ்வளவு அகலமானாலும், பையைத் திறந்து பார்க்கும் மேசைகள் எத்தனையோ அவ்வளவு வேகத்தில்தான் வரிசை நகரும். பின்னால் இருந்து தள்ளினால் முன்னால் இருப்பவர் நசுங்குவார், மேசை கூடாது.

கண்டியில் நெரிசல் பேரழிவு நடக்கவில்லை. ஆனால் அதற்கான சூழல் இருந்தது. சதுர மீற்றருக்கு ஐந்தாறு பேருக்கு மேல் சேர்ந்தால் தனிமனிதரால் தன் காலடியைத் தீர்மானிக்க முடியாது. நின்றபடியே மூச்சுத் திணறும். 2022 ஒக்டோபர் 29இல் சியோலின் இத்தேவோன் ஒழுங்கையில் 159 பேர் இறந்தது ஒரு சரிவான குறுகிய வழியில். 2025 செப்டம்பர் 27இல் கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். அங்கும் மணிக்கணக்கான காத்திருப்பு முன்னால் இருந்தது.

அடுத்த தடவை அறிவிப்புக்கு முன்பே மாவட்டவாரியாக நாளும் நேரமும் குறித்த சீட்டு வழங்கலாம். சோதனை மேசைகளைப் பெருக்கலாம். வரிசையை நகருக்கு வெளியே, கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும், தண்ணீரும் கழிப்பறையும் உள்ள இடங்களில் துண்டு துண்டாக நிறுத்தலாம். எந்த நேரத்தில் வரிசை மூடப்படும் என்பதை முதல் நாளே சொல்லலாம்; வீட்டிலிருந்து புறப்படுமுன் அது தெரிந்தால், நோயாளிகளான முதியவர்கள் வீதியோரத்தில் இரவைக் கழிக்க நேராது.